‘மேட்டுப்பாளையத்துப் பார்ட்டி’ நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், வீட்டுத் தரகர்கள் சொந்தமாகச் சொத்து சேர்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல சொத்து சந்தைக்கு வரும் முன்பே தரகர் கண்ணில் பட்டுவிடுகிறது, அதனால் அவர் முந்திக்கொள்ள வேண்டும், கமிஷனை மட்டும் நம்பி இருப்பவர் கடைசிவரை அடுத்தவர் வீட்டுச் சாவியைத் தூக்கிக்கொண்டுதான் அலைவார் என்று எழுதியிருந்தார்கள். சாவி விஷயம் உண்மைதான். இதை எழுதும்போது என் மேசையில் 11 சாவி கிடக்கிறது. அதில் ஒன்றுதான் என்னுடையது.

அந்தக் கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருப்பது நான் அல்ல, என்னிடம் தொழில் பழகும் பையன். வயது 26. அவனுக்குக் குன்னூரை அடுத்த மேலூர் பக்கத்தில் 4 சென்ட் இடம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கொடுத்தவர் தனியாக இருக்கும் ஓர் அம்மா. “அக்கா, இதை நானே எடுத்துக்கட்டுமா? பேப்பர்லயே போட்டிருக்காங்க” என்று அந்தத் துண்டை நீட்டினான். நான் அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குன்னூர் ஓட்டுப்பட்டறையில் தையல் கடை வைத்திருந்தவள். என் கணவர் அருவங்காடு வெடிமருந்து தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள். மாடி காலியாக இருக்கிறது, மகன் துபாய் போய்விட்டான், வாடகைக்கு நல்ல குடும்பம் கிடைத்தால் சொல்லு என்பார்கள். இன்னொரு பக்கம், மாற்றலாகி வந்தவர்கள் ஓட்டலில் தங்கிக்கொண்டு வீடு தேடுவார்கள். 2006இல் ஒரு மாடி வீட்டை 1,800 ரூபாய் வாடகைக்குப் பேசி முடித்தேன். ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது எனக்கு முப்பது ரவிக்கைக் கூலி. அப்புறம் தையல் மெஷின் மெல்ல மெல்ல மூலைக்குப் போனது. ஆனால் கடையை விடவில்லை, ஒரு பாதியில் தையல், ஒரு பாதியில் வீடு. இங்கே எல்லோரும் என்னை இன்னும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2011இல் காட்டேரி பக்கத்தில் வயதான ஓர் அம்மா தன் வீட்டை ஒட்டிய 6 சென்ட்டை விற்றுத் தரச் சொன்னார். மருத்துவச் செலவு இருந்தது. “ஆறு லட்சம் வந்தாப் போதும் அம்மிணி, மேல வந்தா உன் சாமர்த்தியம்” என்றார். அதே மாதத்தில்தான் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர், ரோட்டை ஒட்டி 5, 6 சென்ட் இருந்தால் ஒன்பது வரை போகலாம் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்தால் என் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் கமிஷன் வந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு பார்ட்டி இருக்கிறது, ஆறுக்குச் சம்மதம் என்று அந்த அம்மாவிடம் சொல்லி, என் கொழுந்தனார் பெயரில் கிரையம் செய்துகொண்டேன். கொழுந்தனார் மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறார், அதனால் சொன்னது பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. வாங்கியதும் போதாதென்று அந்த அம்மாவிடம் இரண்டு சதவீதக் கமிஷன் 12,000 ரூபாயையும் வாங்கினேன்.

எட்டு மாதம் பொறுத்து டாக்டருக்கு ஒன்பதரை லட்சத்துக்கு விற்றேன். பத்திரச் செலவும் வரியும் போக 2 லட்சத்து 60 ஆயிரம் கையில் நின்றது. தொழிலுக்கு வந்து அவ்வளவு பணத்தை மொத்தமாக நான் பார்த்தது அப்போதுதான். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன், ஒரு ஜோடி வளையல் வாங்கினேன்.

டாக்டர் வேலி போட ஆள் கூட்டி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவர் கள்ளம் கபடம் தெரியாத மனிதர். “உங்க டெய்லரக்காதான் வித்துக் குடுத்தாங்க, அவங்க கொழுந்தனார் இடமாம்” என்று சொல்லிவிட்டார், விலையையும் சேர்த்து.

மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். நான் ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சண்டை போடவில்லை. “நீயே எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தா இதே விலைக்குக் குடுத்திருப்பேனே அம்மிணி. மேட்டுப்பாளையத்துக்காரன்னு எதுக்குச் சொன்னே?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த 12,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். பெருந்தன்மையாக வேண்டாம் என்பார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மீதி லாபத்தை நான் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து அவர் வீட்டையே விற்றார். 42 லட்சத்துக்குப் போனது. என் கடை வாசல் வழியாகத்தான் வேறு புரோக்கர் பார்ட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு சதவீதம் என்றால் 84,000 ரூபாய். அந்தத் தெருவில் அதற்கப்புறம் மூன்று வீடு விற்றது, மூன்றும் எனக்கு வரவில்லை. நியாய அநியாயம் பேசினால் காது கொடுக்காதவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

பல வருடம் கழித்து ஒரு பத்திர வேலையாக வக்கீலிடம் போயிருந்தபோது, யாரோ ஒருவருக்கு நடந்தது போல இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 215. விற்கச் சொல்லி ஒப்படைத்தவரின் சம்மதம் இல்லாமலும், தனக்குத் தெரிந்த முக்கியமான விவரங்களைச் சொல்லாமலும் முகவர் தானே அந்தப் பேரத்தில் இறங்கினால், உண்மையை மறைத்ததோ, அதனால் உரிமையாளருக்கு நஷ்டம் வந்ததோ தெரியும்போது உரிமையாளர் அந்த வியாபாரத்தையே மறுத்துவிடலாமாம். அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணத்தைப் படித்துக் காட்டினார்: ஒருவர் தன் நிலத்தை விற்கச் சொல்கிறார், முகவர் அதை மூன்றாவது ஆள் பெயரில் தனக்கே வாங்கிக்கொள்கிறார். கொழுந்தனார் என்ற ஒரு வார்த்தைதான் அதில் இல்லை. அடுத்த பிரிவு 216, அப்படிச் சம்பாதித்த லாபத்தையே உரிமையாளர் கேட்டு வாங்கலாம் என்கிறது. நான் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே என்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

2016ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அதன்படி தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி என்று பதிவுக்கு உட்பட்ட திட்டங்களில் விற்பவர்களுக்கு. எங்கள் மலையில் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பாலானது பழைய வீடு, பாட்டன் விட்டுப் போன 5 சென்ட், அண்ணன் தம்பி பாகம் பிரித்த தேயிலைத் தோட்டத்து மூலை. அங்கே தரகர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை.

உங்கள் கட்டுரையில் ஒரு லாபக் கணக்கு இருந்தது. வாங்கிய விலை, விற்ற விலை, நடுவில் லாபம். எங்கள் பையன் அதற்கு அடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறான். 20 லட்சத்துக்கு ஓர் இடம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 80 ஆயிரம் அன்றைக்கே போகிறது. ஒரு வருடத்துக்குள் 23 லட்சத்துக்கு விற்றால் மிச்சம் 1 லட்சத்து 20 ஆயிரம். 24 மாதத்துக்குள் விற்றதால் அது மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரி விதிப்புக்குள் வரும். 24 மாதம் தாண்டினால் லாபத்தில் 12.5 சதவீத வரி என்பது 2024 ஜூலை 23 முதல் வந்த விகிதம். ஆனால் தரகு செய்கிறவர் வருடத்துக்கு இரண்டு மூன்று என்று வாங்கி வாங்கி விற்றால், இது முதலீடு இல்லை, உங்கள் வியாபாரம் என்று வருமான வரித்துறை கேட்க இடம் இருக்கிறது. அப்போது அந்த 12.5 கிடைக்காது. அதே இடத்தை நேர்மையாக இருவருக்கும் முடித்துக் கொடுத்திருந்தால் விற்பவரிடம் 40,000, வாங்குபவரிடம் ஏறக்குறைய அதே அளவு. ஒரு பைசா முடக்காமல், ஒரு ராத்திரி தூக்கம் கெடாமல்.

இந்தப் பத்திரச் செலவைத் தவிர்க்கத்தான் அட்வான்ஸ் வழியைப் பிடிக்கிறார்கள். உரிமையாளரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு இடத்தைப் பிடித்து வைப்பது, மூன்று மாதத்துக்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடிப்பது, கிரையத்தை நேராக அந்த ஆள் பெயருக்கே செய்து கொடுப்பது. ஆள் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு. என்னோடு தொழில் தொடங்கிய ஒருவர் இப்படி ஒரே நேரத்தில் நான்கு இடம் பிடித்து வைத்திருந்தார். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். நல்லவேளை, சொந்த ஆட்டோ.

இனி சொல்லப் போவதைத்தான் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. தரகர் கடன் வாங்கிச் சொத்து வாங்கினால் என்ன ஆகும்?

2014இல் ஜெகதளா பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பழைய வீட்டை வாங்கினேன். இந்த முறை ஒளிவு மறைவு இல்லை, விற்றவருக்கு எல்லாம் தெரியும். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடம். மாதத் தவணை 13,215 ரூபாய். அந்த எண்ணை இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாடகை 4,500 வந்தது. மீதியைக் கமிஷனிலிருந்து போட்டேன். கமிஷன் வருகிற வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது சரியான உத்தரவுதான், தரகர் என்பதால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு அது இடி. எழுந்து உட்காருவதற்குள் நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஏழு மாதம் ஒரு கிரையம்கூட முடியவில்லை. வாடகை வீட்டுக் கமிஷனும் பழைய தையல் மெஷினும்தான் சோறு போட்டன. வங்கிக்கு அதெல்லாம் தெரியுமா? ஐந்தாம் தேதியானால் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போன் வரும்.

அந்த ஏழு மாதம் முடியும் நேரத்தில்தான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனை தேடி வந்தார். சரிவில் ஓர் இடம் என் கைவசம் இருந்தது. பக்கத்தில் ஓடை. 2009 நவம்பர் மழை நீலகிரிக்காரர்கள் யாருக்கும் மறக்காது, நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் செத்துப்போன மழை. அந்த மழையில் இந்த மனைக்கு மேல் வளைவில் மண் இறங்கியது எனக்குத் தெரியும். அவர் நேராகவே கேட்டார்: “மழைக்குத் தாங்குமாம்மா?” நான் ஓடையைக் காட்டி, “தண்ணிக் கஷ்டமே வராது சார்” என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவருக்கும் புரியவில்லை. கமிஷன் 27,000 ரூபாய் வந்தது. இரண்டு தவணை கட்டி 570 ரூபாய் மிச்சம்.

கடன் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். 2011இல் செய்தது பேராசை, ஒப்புக்கொள்கிறேன். ஹவில்தாரிடம் அப்படிப் பேசியதற்குக் காரணம் பேராசைகூட இல்லை, ஐந்தாம் தேதி. தவணை கட்ட வேண்டிய தரகர் காட்டும் மனையில் சரிவு கொஞ்சம் குறைவாகவும், ரோடு கொஞ்சம் பக்கமாகவும் தெரியும். அவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்றில்லை, அவர் கண்ணுக்கே அப்படித்தான் தெரியும். ஹவில்தார் நான்கு லட்சம் செலவழித்துத் தடுப்புச் சுவர் கட்டி, அதற்குப் பின்னால் வீட்டைக் கட்டினார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறார். மழை பலமாகப் பெய்யும் ராத்திரிகளில் எனக்கு அந்தக் கும்பிடுதான் ஞாபகம் வரும்.

2018இல் 2011ஆம் வருட வளையலோடு மற்ற நகையையும் விற்றுக் கடனை அடைத்தேன். வீடு என் கையில் நின்றுவிட்டது. இப்போது 9,000 வாடகை வருகிறது. இன்றைய விலை 35 லட்சம் என்று வைத்தால் வருடத்துக்கு மூன்று சதவீதம்தான் தேறும், வங்கியில் போட்டாலே அதைவிடக் கூட வரும். அதிலும் தகரக் கூரைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட், சுவரில் ஈரம், காட்டெருமை சாய்த்துவிட்டுப் போகும் வேலி. போன வருடம் சீசன் நேரத்தில் பெங்களூரு பார்ட்டி ஒன்றுக்கு பெட்ஃபோர்டு பக்கம் வீடு காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் குடித்தனக்காரரிடமிருந்து போன், ராத்திரி கரடி வந்து சமையலறைக் கதவை உடைத்து எண்ணெய் டின்னைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது, இப்பவே வாங்க என்றார். பார்ட்டியைப் பாதியில் விட்டு ஓடினேன். அவர்கள் வேறு ஆளிடம் முடித்துக்கொண்டார்கள். இரண்டு தொழிலுக்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று எழுதுவது சுலபம். எங்களுக்கு வாடிக்கையாளர் வருவதும் ஏப்ரல், மே. சொந்த வீட்டில் குழாய் உடைவதும் அதே ஏப்ரல், மே.

ஹோம்ஸ்டே போடலாமே என்று கட்டுரையில் இருந்தது. எழுதியவர் சமவெளிக்காரராக இருக்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 சீசனில் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே எண்ணிக்கை சொல்லிவிட்டது. மலைக்கு அது தேவைதான். ஆனால் சீசன் அறைவாடகையை நம்பிக் கடன் வாங்கியவர் அந்த எண்ணிக்கையையும் கணக்கில் வைக்க வேண்டும். மேலே மாடி கட்டி அறையைப் பெருக்கலாம் என்றால் 1993ஆம் வருட மலைப்பகுதிக் கட்டட விதி இருக்கிறது, உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. கூடலூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜன்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமையை ஒழிக்கும் சட்டம் அங்கே 1969இல் வந்தது. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்துக்கு இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. நான் அந்தப் பக்கம் எனக்கும் வாங்க மாட்டேன், அடுத்தவருக்கும் காட்ட மாட்டேன்.

‘எனக்கும் அடுத்தவருக்கும்’ என்று எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஜெகதளா வீட்டை எனக்காக வாங்கியபோது 30 வருட வில்லங்கச் சான்று எடுத்தேன், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்துப் பார்த்தேன், சர்வேயரைக் கூட்டி வந்து புலப்படத்தோடு எல்லைக்கல்லை ஒத்துப் பார்த்தேன், விற்றவரின் இரண்டு தங்கைகளிடமும் கையெழுத்து வாங்கினேன். அதே வருடம் வாடிக்கையாளர்களுக்கு முடித்துக் கொடுத்த வீடுகளுக்கு? 13 வருட வில்லங்கம் போதும் என்றேன். தங்கச்சிங்க எல்லாம் கட்டிக்குடுத்துப் போயிட்டாங்க, பிரச்சினை வராது என்று நானே வாயால் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, ஒரு பெண்ணான எனக்கு அது தெரியாமல் இல்லை. சொந்தமாக ஒரு வீடு வாங்கியதில் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான் என்று சொல்வேன். வாங்குகிறவர் வயிற்றில் எப்படிப் புளி கரைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது எனக்குப் பார்த்த அத்தனையையும் அவர்களுக்கும் பார்க்கிறேன். அதனால் மாதத்துக்கு ஒரு வியாபாரம் குறைகிறது. சில பார்ட்டிகள் ‘இந்தம்மா ரொம்ப இழுக்குது’ என்று போய்விடுகிறார்கள்.

அதனால் தரகர் சொத்தே வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. கால் வலி வந்து படி ஏற முடியாமல் போனால் வீடு காட்டவும் முடியாது. குன்னூரில் எந்த வீட்டுக்குத்தான் 40 படி இல்லை? 2021இல் கோத்தகிரி ரோட்டில் 5 சென்ட் வாங்கினேன். அது என்னிடம் விற்பனைக்கு வந்த இடம்தான். இரண்டு மாதம் ஊரெல்லாம் காட்டினேன், யாரும் கேட்ட விலைக்கு வரவில்லை. அப்புறம்தான் உரிமையாளரிடம் போய், நானே எடுத்துக்கலாமா அண்ணா என்று கேட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: வாங்குவது நான், என் பணம். உங்களிடம் கமிஷன் இல்லை. பக்கத்தில் கடைசியாக விற்ற மூன்று இடத்தின் விலை இது. வேறு புரோக்கரிடம் கேட்டுப் பார்க்க உங்களுக்குப் பதினைந்து நாள். அவர் கேட்டும் பார்த்தார், சென்ட்டுக்கு 10,000 கூட்டிக் கேட்டார், கொடுத்தேன். அந்த 50,000 ரூபாய் எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. கடனும் வாங்கவில்லை. ஏலச்சீட்டில் விழுந்த பணத்துக்குள் எவ்வளவு இடம் வருமோ அவ்வளவுதான் வாங்கினேன். இப்போதெல்லாம் சொந்த இடத்தை யாருக்காவது காட்டப் போனால், வண்டியை விட்டு இறங்கும் முன்பே இது என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் மாறும். மாறட்டும், விலை பேசும்போது அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அந்தக் கட்டுரையை எழுதியவரையே இன்னொன்று எழுதச் சொல்லுங்கள். தரகர் முந்திக்கொள்ளும்போது பின்னால் தள்ளப்படுகிறவர் யார் என்று. வயதானவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் அவசரத்துக்கு விற்கிற சிறு விவசாயிகள், இவர்களிடம்தான் குறைந்த விலைக்கு இடம் கிடைக்கிறது. அவர்களும் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்கள். விற்கக் கொடுக்கும்போது, ‘நீயோ உன் வீட்டு ஆளோ வாங்குவதாக இருந்தால் முதலில் சொல்லிவிடு’ என்று தரகரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பெரிய எழுத்தில் போடுங்கள். 215ஆம் பிரிவையும் போடுங்கள்.

பையன் நேற்று சாயங்காலம் வெள்ளைத்தாளோடு மேலூர் போய் வந்தான். அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, டீ கொடுத்து, திருப்பூரில் இருக்கும் மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். “குடுக்க மாட்டாங்க போலக்கா” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான். கொடுக்காவிட்டால் வேறு ஆளைக் கூட்டிப் போய்க் காட்டு, கமிஷன் வரும் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

பெயர் போட வேண்டாம். இங்கே படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று எப்படியும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டுத் தரகர்,
ஓட்டுப்பட்டறை, குன்னூர்.